ஹுப்பாவை எங்கே நிறுத்துவது: மரத்தடியா, புல்வெளியா, கொட்டகை நிழலா?

நியூயார்க் நகரத்திலிருந்து வடக்கே காரில் இரண்டு மணி நேரம் போனால் கேட்ஸ்கில் மலைப்பகுதி. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் நியூயார்க் யூதக் குடும்பங்கள் கோடை முழுக்க வந்து தங்கிய ஊர்கள் இவை. அன்றைய பெரிய விடுதிகள் பெரும்பாலும் மூடிவிட்டன. இன்று அதே சுற்றுவட்டாரப் பண்ணைகளில், பழைய மரக் கொட்டகைகளை ஒட்டி, யூதக் கல்யாணங்கள் நடக்கின்றன. படம் எடுக்கும் என்னிடம், இடம் பார்க்கப் போகும் நாளிலேயே மணமக்கள் கேட்பது ஒன்றுதான்: ஹுப்பாவை எங்கே வைக்கலாம்?

ஹுப்பா என்பது அவர்களுடைய மணப்பந்தல். நான்கு கம்புகள், மேலே ஒரு துணி, அவ்வளவுதான். பல வீடுகளில் அந்தத் துணி தாத்தா பிரார்த்தனையின்போது போர்த்திக்கொண்ட தல்லித் சால்வையாகவே இருக்கும். ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதர்களிடம் இதைத் திறந்த வானத்தின் கீழ் வைக்கும் வழக்கம் உண்டு. ஆபிரகாமின் சந்ததி நட்சத்திரங்களைப் போலப் பெருகும் என்ற வாக்கை நினைத்துச் செய்வது. இதற்காகவே கூரையில் திறக்கும் ஜன்னல் வைத்துக் கட்டிய மண்டபங்கள்கூட உண்டு. ஆகவே வெட்டவெளிக் கல்யாணம் அவர்களுக்கு வெறும் நாகரிகம் இல்லை.

இடத்தை முடிவு செய்யும்போது நான் மூன்று காட்சிகளை மனதில் வைத்துக்கொள்வேன். மணப்பெண் மணமகனை ஏழு முறை சுற்றி வருவது, மோதிரம் போடுவது, கடைசியில் மணமகன் கண்ணாடிக் கோப்பையை மிதித்து உடைப்பது. இந்த மூன்றையும் திரும்ப நடத்திக் காட்டச் சொல்லி எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது.

மரத்தடி

நேரில் பார்க்க இதைவிட அழகான இடம் இல்லை. நூறு வருட மேப்பிள் மரம், கிளையிலிருந்து தொங்கும் பூச்சரம், விருந்தினர்களுக்குக் குளுகுளு நிழல். மணமக்கள் பாதிப்பேர் முதலில் கை காட்டுவது இங்கேதான். கேமராவுக்கோ மூன்றிலும் மோசமான இடம் இதுதான்.

காரணம், இலைகளுக்கு நடுவே விழும் வெயில் பொட்டுகள். மணப்பெண்ணின் மூக்கில் ஒரு வெள்ளைத் திட்டு, கன்னத்தில் இன்னொன்று, காற்றடித்தால் இரண்டும் இடம் மாறும். நிழலுக்கும் அந்தத் திட்டுக்கும் நடுவே மூன்று ஸ்டாப், அதாவது எட்டு மடங்கு வெளிச்ச வித்தியாசம் சர்வசாதாரணம். முகத்துக்கு வெளிச்சம் சரியாக வைத்தால் வெள்ளை முக்காட்டில் ஓட்டை விழுந்த மாதிரி வெளுத்துவிடும். முக்காட்டைக் காப்பாற்றினால் முகம் இருண்டுபோகும். இது போதாதென்று, இலை வழியாக வரும் வெளிச்சம் பச்சையாக வரும். வெள்ளைக் கவுனில் அந்தப் பச்சையைக் கழுவி எடுப்பது பெரிய வேலை. தரையில் வேர் புடைத்திருந்தால், நீளக் கவுனோடு ஏழு சுற்று சுற்றுகிற பெண்ணுக்கும் சிரமம்.

மேகம் மூடிய நாளில் கதையே வேறு. அப்போது மரத்தடியை நான் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். ஆனால் ஆறு மாதம் முன்னால் இடம் குறிக்கும்போது மேகத்தை யார் நம்புவது? வானம் தெரிவதை முக்கியமாக நினைக்கும் குடும்பமாக இருந்தால், கிளை மறைப்பது பரவாயில்லையா என்று சடங்கை நடத்தும் யூத மதகுருவான ரப்பியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதும் நல்லது.

புல்வெளி

மலை தெரிய வேண்டும் என்றுதான் இவ்வளவு தூரம் வருகிறார்கள். அந்த ஆசை நியாயமானது. வானம் முழுசாகத் தெரியும். சுற்றிலும் நடந்து எந்தக் கோணத்திலிருந்தும் எடுக்கலாம்.

ஹுப்பாவின் துணி நிழல் தருமே என்று பலர் நினைக்கிறார்கள். உச்சி வெயிலில் தரும். ஜூன் மாதம் மாலை 5 மணிக்கு இங்கே சூரியன் கிட்டத்தட்ட நேர் மேற்கில், அடிவானத்திலிருந்து சுமார் 37 பாகை உயரத்தில் இருக்கும். துணி எட்டடி உயரத்தில் இருந்தால், முகமட்டத்தில் அதன் நிழல் மூன்றடிக்கு மேல் கிழக்கே நகர்ந்திருக்கும். அதாவது கிழக்கே நிற்பவர் நிழலில், மேற்கே நிற்பவர் வெயிலில். மணமகன் தெளிவாக, மணமகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நடுவில் கத்தியால் வெட்டிய மாதிரி ஒரு கோடு. ஃப்ளாஷ் போட்டுச் சமாளிக்கலாம்தான், ஆனால் சடங்கு நடக்கும்போது ஃப்ளாஷ் வேண்டாம் என்று சொல்லும் ரப்பிகள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது.

காற்று இன்னொரு தொல்லை. துணி பாய்மரம் போல உப்பி, கம்பு சாயும். நான்கு அடியிலும் மணல் மூட்டை வைக்க வேண்டும், இல்லையென்றால் நண்பர்கள் நால்வர் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். படத்துக்கு இரண்டாவதுதான் அழகு.

வெயில் சாய்ந்தபின் வைத்துக்கொண்டால் புல்வெளிக்கு இணை கிடையாது. ஜூன் கடைசியில் சூரிய அஸ்தமனம் இரவு எட்டரை மணி. சடங்கை ஏழரைக்கு வைத்தால் பொன்னிற வெளிச்சம் சும்மா வந்து விழும். இங்கே நாள்காட்டி குறுக்கே வரும். எபிரேய தேதி அஸ்தமனத்தோடு மாறிவிடும். திருமண ஒப்பந்தமான கெத்துபாவில் தேதி எழுதிக் கையெழுத்து வாங்கியிருப்பதால் ரப்பி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார், தாமதத்துக்கு இடமில்லை. சனிக்கிழமை என்றால் யூதர்களின் ஓய்வுநாளான ஷப்பாத் முடிந்து நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் கல்யாணம், வெளிச்சம் போயே போயிருக்கும். அதனால்தான் கோடையில் ஞாயிற்றுக்கிழமை.

கொட்டகை நிழல்

கொட்டகைக்கு உள்ளே அல்ல, கிழக்குச் சுவருக்கு வெளியே. என் ஓட்டு இதற்குத்தான். இதை யாரும் கேட்டு வருவதில்லை, நான்தான் கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.

மாலையில் சூரியன் கொட்டகைக்குப் பின்னால் போய்விடும். சுவர் 25 அடி உயரம் என்றால், ஜூனில் 4 மணிக்கே முகமட்டத்தில் 17 அடிக்கு நிழல், 5 மணிக்கு 25 அடிக்கு. தலைக்கு மேலே துணி, அதற்கு மேலே வானம், வழக்கம் கெடவில்லை. எதிரே திறந்த கிழக்கு வானத்திலிருந்து வரும் வெளிச்சம் மெதுவாக, சமமாக முகத்தில் விழும். விருந்தினர்கள் மேற்கே பார்த்து உட்கார்ந்தாலும் கண் கூசாது. சுவர் காற்றையும் தடுக்கும்.

மோதிரக் காட்சிக்காக இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யூத வழக்கத்தில் மணமகள் பெரும்பாலும் மணமகனின் வலப்பக்கம் நிற்பாள், மோதிரம் அவளுடைய வலது ஆள்காட்டி விரலில் போடப்படும். இருவரும் விருந்தினர்களைப் பார்த்து நின்றிருந்து, பிறகு ஒருவரையொருவர் பார்த்துத் திரும்பினால் அந்தக் கை விருந்தினர் பக்கம் இருக்கும், முன்னாலிருந்து எடுத்துவிடலாம். முதுகைக் காட்டி ரப்பியைப் பார்த்து நின்றால் கை ரப்பி பக்கம் போய்விடும், நான் ஹுப்பாவுக்குப் பின்னால் நின்றாக வேண்டும். எப்படி நிற்பார்கள் என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். அதனால் சுவருக்கும் ஹுப்பாவுக்கும் நடுவே எட்டடி விடச் சொல்வேன். தள்ளி நின்று எடுக்கும் 85 மில்லிமீட்டர் லென்ஸ் அங்கே செல்லாது, கிட்டே நின்று அகலமாக எடுக்கும் 35தான் சரி.

குறையும் இருக்கிறது. மலை தெரியாது, பின்னணியில் பலகைதான். வெளுத்த சாம்பல் நிறப் பலகை அற்புதமாக இருக்கும். ஆனால் அமெரிக்கக் கொட்டகைகளுக்குச் சிவப்புப் பெயின்ட் அடிக்கும் பழக்கம் உண்டு. அந்தச் சிவப்பு, சுவரைப் பார்த்து நிற்பவர்களின் முகத்தில் ஏறும். சிவப்புக் கொட்டகை, ரப்பியைப் பார்த்து நிற்கும் குடும்பம், இரண்டும் சேர்ந்தால் நான் புல்வெளிக்கே போய்விடுவேன், சடங்கை வெயில் சாயும்வரை தள்ளிவைக்கச் சொல்லி.

மலை வேண்டுமே என்று வருத்தப்படுகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். சடங்கு முடிந்ததும் மணமக்கள் இருவரும் தனியறையில் சிறிது நேரம் இருப்பார்கள், யிஹுத் என்று பெயர். அது முடிந்து வெளியே வந்ததும் பத்து நிமிடம் கொடுங்கள், மலையோடு எடுத்துத் தருகிறேன். மலை எங்கேயும் போகாது.

எந்த இடமானாலும் தரையைப் பார்த்துவிடுங்கள். ஒருமுறை மழை பெய்து ஊறிய புல்லில், துணியில் சுற்றிய கோப்பையை மணமகன் ஓங்கி மிதித்தார். சத்தமே இல்லை. கோப்பை அப்படியே மண்ணுக்குள் இறங்கிவிட்டது. 'மஸல் தோவ்' என்று வாழ்த்திக் கத்தத் தயாராக இருந்த கூட்டம் வாயைத் திறந்தபடி நின்றது. அவருடைய முகம் சிவந்துபோனது. மணமகள் சட்டென்று அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். யாரோ ஓடிப்போய்க் கொட்டகையிலிருந்து ஒரு பலகைத் துண்டைக் கொண்டுவந்து அடியில் வைத்தார்கள். இரண்டாவது மிதியில் உடைந்தது. அந்தக் கல்யாணத்தின் ஆல்பத்தில் அவர்கள் முதல் பக்கத்துக்குத் தேர்ந்தெடுத்தது, முழங்கையைப் பிடித்த அந்தப் படத்தை. அன்றிலிருந்து ஒரு அடிக்கு ஒரு அடி பலகை ஒன்று என் கார் டிக்கியிலேயே இருக்கிறது.