டேட்டாபேஸ் அடிப்படை படிக்க டிபி பிரௌசர்: எதைக் கற்றுத்தரும், எங்கே ஏமாற்றும்

பிரைமரி கீ (ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டுவது), ஃபாரின் கீ (வேறொரு டேபிளின் வரிசையைச் சுட்டுவது), நார்மலைசேஷன் (ஒரே தகவல் பல இடத்தில் வராதபடி டேபிள்களைப் பிரிப்பது) எல்லாவற்றுக்கும் வரையறையை மனப்பாடம் செய்து தேர்வுத்தாளில் எழுதிவிடலாம். ஆனால் ஃபாரின் கீயை மீறினால் என்ன நடக்கும் என்பது மீறிப் பார்த்தவருக்குத்தான் விளங்கும். அதற்குத் தோதான இலவசக் கருவி, டிபி பிரௌசர் ஃபார் எஸ்க்யூலைட். டேட்டாபேஸ் படிக்கத் தொடங்குகிறவருக்கு முதல் கருவியாகத் தயங்காமல் சொல்லலாம். ஒரு எச்சரிக்கை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: இதன் அடியில் இருக்கும் எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் ரொம்பத் தாராளமான பேர்வழி. மற்ற டேட்டாபேஸ்கள் முகத்தில் அடித்த மாதிரி மறுக்கும் சில விஷயங்களை இது சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்ளும். அந்த இடங்கள் தெரியாமல் படித்தால் தப்பான பாடம் மனதில் பதியும்.

நிறுவுவதில் சிக்கல் இல்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். சர்வர் கிடையாது, ரூட் பாஸ்வேர்டு கிடையாது, ஒரு டேட்டாபேஸ் என்றால் டிஸ்க்கில் ஒரே ஒரு கோப்பு. சர்வர் தேவைப்படும் மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸை நிறுவப் போய் சர்வீஸ் ஸ்டார்ட் ஆகவில்லை என்று முதல் நாளே சலித்துப்போகிறவர்கள் நிறைய. அந்தத் தொல்லை இங்கே இல்லை. இன்ஸ்டால் செய்ய அனுமதி தராத கல்லூரி லேப் கணினி என்றால், ஜிப்பாகக் கிடைக்கும் விண்டோஸ் பதிப்பைப் பென் டிரைவில் போட்டு அப்படியே ஓட்டலாம். தமிழ்நாட்டுப் பிளஸ் டூ கணினி அறிவியல் பாடத்தில் பைத்தானோடு எஸ்க்யூலைட் வருவதால், அந்த மாணவர்களுக்கும் இது நேரடியாகப் பயன்படும்.

நல்ல அம்சம் முதலில். புது டேபிள் உருவாக்கும் பெட்டியைத் திறந்தால், ஒவ்வொரு காலத்துக்கும் (டேபிளின் செங்குத்துப் பத்திக்கும்) பெயர், டைப், அதற்குப் பக்கத்தில் என்என், பிகே, ஏஐ, யூ என்று நான்கு டிக் கட்டங்கள் இருக்கும்: முறையே நாட் நல் (மதிப்பு இல்லாமல் விடக் கூடாது), பிரைமரி கீ, ஆட்டோ இன்க்ரிமென்ட் (எண் தானாகக் கூடும்), யுனிக் (ஒரே மதிப்பு இரண்டு தடவை வரக் கூடாது). கட்டத்தை டிக் செய்தவுடன் கீழே உள்ள கிரியேட் டேபிள் கட்டளை கண்ணெதிரே மாறும். யூவை டிக் செய்தால் அந்தக் காலத்தின் வரியில் யுனிக் வந்து உட்காரும், எடுத்தால் போய்விடும். கன்ஸ்ட்ரெயின்ட், அதாவது தரவுக்கு விதிக்கும் கட்டுப்பாடு, என்பதை விளக்க இதைவிட நேரடியான வழி கிடையாது.

பயிற்சிக்கு உங்கள் சொந்த மாணவர் பட்டியலை உருவாக்கி நேரத்தை வீணாக்க வேண்டாம். கிட்ஹப்பில் இலவசமாகக் கிடைக்கும் சினூக் என்ற மாதிரி டேட்டாபேஸை இறக்கிக்கொள்ளுங்கள். பாட்டு விற்கும் கற்பனைக் கடை, 11 டேபிள். சில தளங்களில் இதே டேட்டாபேஸ் டேபிள் பெயர்களைப் பன்மையாக மாற்றிச் சுற்றுகிறது, ஆகவே புத்தகத்தில் உள்ள குவெரி (டேட்டாபேஸிடம் தரவு கேட்கும் கட்டளை) ஓடாவிட்டால் முதலில் பெயரைப் பாருங்கள். கோப்பைத் திறப்பதற்கு முன் ஒரு காப்பி எடுத்து வைப்பது நல்லது. இனி செய்யப்போவதெல்லாம் உடைக்கும் வேலை.

ஆல்பம் டேபிளில் ஆர்டிஸ்ட் ஐடி ஒரு ஃபாரின் கீ. அந்தக் கட்டத்தின் மேல் கண்ட்ரோலும் ஷிஃப்டும் அழுத்திக் கிளிக் செய்தால், ஆர்டிஸ்ட் டேபிளில் அது குறிக்கும் வரிசைக்கே கொண்டுபோய் விடும். ஃபாரின் கீ என்றால் என்ன என்று கேட்கிறவருக்கு இதைச் செய்து காட்டினால் போதும். அடுத்து, அந்த எண்ணை அழித்து 999 என்று போடுங்கள். ஆர்டிஸ்ட் ஐடி 275-ஓடு முடிகிறது என்பதால், ஃபாரின் கீ கன்ஸ்ட்ரெயின்ட் ஃபெயில்டு என்று மறுக்கும். ஆல்பம் வைத்திருக்கும் ஒரு ஆர்டிஸ்டை டெலிட் செய்தாலும் இதே பதில்தான். எந்த ஃபாரின் கீ என்று மட்டும் சொல்லாது. யுனிக் மீறினால் டேபிள், காலம் பெயரோடு சொல்கிற எஸ்க்யூலைட், இதில் வாயைத் திறக்காது. ஒரே டேபிளில் மூன்று ஃபாரின் கீ இருந்தால் ஒவ்வொன்றாக நாமே சோதித்துப் பார்க்க வேண்டியதுதான்.

இனி முதல் ஏமாற்று. அதே கோப்பை பைத்தானில் திறந்து அதே 999-ஐ அப்டேட் செய்து பாருங்கள். சத்தமே இல்லாமல் ஏறிவிடும். எஸ்க்யூலைட்டில் ஃபாரின் கீ சோதனை வழக்கமாக அணைந்தே இருக்கும். டிபி பிரௌசர் கோப்பைத் திறக்கும்போது தானாக ஆன் செய்துகொள்கிறது. இந்த அமைப்பு கோப்பில் சேமிக்கப்படுவதில்லை, இணைப்புக்கு இணைப்பு தனி. ஆகவே பைத்தானில் ஒவ்வொரு முறை இணைத்ததும், டிரான்சாக்‌ஷன் (ஒன்றாக நிறைவேறும் மாற்றங்களின் தொகுப்பு) தொடங்குவதற்கு முன்பே, ஃபாரின் கீஸ் என்ற பிராக்மாவை (எஸ்க்யூலைட்டின் அமைப்புகளைக் கையாளும் கட்டளை) ஆன் செய்ய வேண்டும். இடையில் ஆன் செய்தால் பலிக்காது, பிழையும் காட்டாது. ஏற்கெனவே புகுந்துவிட்ட அநாதை வரிசைகளைக் கண்டுபிடிக்க ஃபாரின் கீ செக் என்ற பிராக்மா இருக்கிறது.

ஜாயினுக்கு, அதாவது இரண்டு டேபிளை இணைத்துக் கேட்பதற்கு, சினூக் எண்கள் அருமையாகப் பொருந்தும். ஆர்டிஸ்ட் 275 பேர், ஆல்பம் 347. இரண்டு டேபிளையும் நிபந்தனை இல்லாமல் ஒரே செலக்டில் போட்டால் 95,425 வரிசை வரும்: 275 தடவை 347. எந்த ஐடி எதோடு பொருந்த வேண்டும் என்று சொல்லும் ஆன் நிபந்தனையை மறந்தால் வருவது இதுதான். இரு பக்கமும் பொருந்தியதை மட்டும் தரும் இன்னர் ஜாயினில் 347. ஆர்டிஸ்டை இடப்பக்கம் வைத்து லெஃப்ட் ஜாயின் செய்தால் 418. கூடுதலாக வந்த 71, ஒரு ஆல்பம்கூட இல்லாத ஆர்டிஸ்ட்கள். அவர்களுக்கு ஆல்பம் பக்கம் முழுக்க சாம்பல் நிறத்தில் நல் (மதிப்பே இல்லை என்பதன் அடையாளம்) என்று தெரியும். குவெரி எழுதும் முன்பே எத்தனை வரிசை வரும் என்று கணக்குப் போட்டு, பிறகு கீழே வரும் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். தப்பான ஜாயினில் பாதியை அதுவே பிடித்துக் கொடுத்துவிடும்.

நல் என்பதைப் பூஜ்யம் அல்லது வெற்று என்று எடுத்துக்கொள்வதுதான் தொடக்கக்காரர் எல்லாரும் விழும் குழி. கஸ்டமர் டேபிளில் 59 பேர். கம்பெனி காலம் 10 பேருக்குத்தான் நிரம்பியிருக்கிறது. எல்லா வரிசையையும் எண்ணும் கவுண்ட் ஸ்டார் 59 தரும். கவுண்ட்டுக்குள் கம்பெனியைப் போட்டால் 10. அந்தப் பத்தில் ஒருவர் கூகுள். கூகுள் அல்லாதவர்களைக் கேட்டால் 58 வரும் என்று நினைப்போம், வருவது 9. நல்லோடு எதை ஒப்பிட்டாலும் விடை ஆம் என்றும் வராது, இல்லை என்றும் வராது. வரிசைகளை வடிகட்டும் ‘வேர்’ என்ற நிபந்தனை ஆம் என்று வந்ததை மட்டுமே அனுப்பும். மீதி 49 பேரும் வேண்டுமானால் இஸ் நல் என்று தனியாகச் சேர்க்க வேண்டும். இன்னொன்று, கட்டத்தில் உள்ளதைச் சும்மா அழித்தால் அது நல் ஆகாது, வெற்றுச் சரமாகத்தான் நிற்கும். நல் வேண்டுமானால் ரைட் கிளிக் மெனுவில் அதற்கென்றே ஒரு தேர்வு இருக்கிறது.

டிரான்சாக்‌ஷன் பாடத்தையும் இந்தக் கருவி தெரிந்தோ தெரியாமலோ நன்றாகவே நடத்துகிறது. மேலே ரைட் சேஞ்சஸ், ரிவர்ட் சேஞ்சஸ் என்று இரண்டு பட்டன். முதலாவது கமிட் (மாற்றத்தை நிரந்தரமாக்குவது), இரண்டாவது ரோல்பேக் (மாற்றத்தைக் கைவிடுவது). ஏதாவது மாற்றிவிட்டு ரைட் சேஞ்சஸ் அழுத்தாமல் பைத்தானில் அதே வரிசையைப் படித்தால் பழைய மதிப்பே வரும். பைத்தானிலிருந்து எழுத முயன்றால் ஐந்து நொடி காத்திருந்துவிட்டு, டேட்டாபேஸ் இஸ் லாக்டு என்று விழும். மாணவர்கள் இதைப் பைத்தான் பிழை என்று நினைத்து நிரலைத் தோண்டுவார்கள். டிபி பிரௌசருக்குத் திரும்பிப் போய் கண்ட்ரோல் எஸ் அழுத்தினால் தீர்ந்தது.

தாராள குணத்தின் மீதிப் பட்டியலுக்கு வருவோம். டிராக் டேபிளில் மில்லிசெகண்ட்ஸ் ஒரு இன்டிஜர் (முழு எண்) காலம். அதில் ‘மூணு நிமிஷம்’ என்று எழுதிப் பாருங்கள், ஏற்றுக்கொள்ளும். கூட்டுத்தொகை எடுத்தால் அது பூஜ்யமாகக் கணக்காகும். மூன்று லட்சத்துக்கு மேல் உள்ள பாட்டுகளைக் கேட்டாலோ இதுவும் வரிசையில் வந்து நிற்கும், எஸ்க்யூலைட்டில் எந்த எழுத்தும் எந்த எண்ணைவிடவும் பெரியது என்பதால். இதற்கு நேர்மாறான தொல்லை, இன்டிஜர் காலத்தில் தொலைபேசி எண்ணைப் போடுவது: 044 என்று தொடங்கும் எண்ணின் முன் பூஜ்யம் காணாமல் போகும். தொலைபேசி, பின்கோடு, பதிவு எண் எதுவாக இருந்தாலும் கூட்டிக் கழிக்கப்போவதில்லை என்றால் டெக்ஸ்ட் என்றே வையுங்கள். கண்டிப்பு வேண்டுவோர் டேபிள் கட்டளையின் கடைசியில் ஸ்ட்ரிக்ட் என்று சேர்க்கலாம். இது எஸ்க்யூலைட் 3.37-ல், 2021 நவம்பரில் வந்தது. டிபி பிரௌசர் 3.12.2 அதற்கு முந்தையது; அதன் விண்டோஸ் பதிப்பில் இது ஓடாது, 2024-ல் வந்த 3.13 தேவை. ரைட் ஜாயின், ஃபுல் ஜாயினுக்கும் இதே கதைதான்.

பதிவு எண் போன்ற டெக்ஸ்ட் காலத்தைப் பிரைமரி கீ ஆக்கினால், அதில் நல்லையும் எஸ்க்யூலைட் அனுமதிக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட தடவைகூட. பாடப்புத்தகம் சொல்வதற்கு நேர் எதிர். பிகேயை டிக் செய்யும்போது என்என்னையும் சேர்த்து டிக் செய்துவிடுங்கள். குரூப் பையிலும் கவனம் வேண்டும்: கஸ்டமர்களை நாடு வாரியாகத் தொகுத்து, செலக்டில் முதல் பெயரையும் போட்டால் 24 வரிசை ஒழுங்காக வரும். அமெரிக்காவில் 13 பேர் இருக்க, யாரோ ஒருவர் பெயர் மட்டும் நிற்கும். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் இதைப் பிழை என்று திருப்பி அனுப்பும். மைஎஸ்க்யூஎல்லும் 5.7 முதல் அப்படித்தான்.

நார்மலைசேஷனுக்கு சினூக் கொஞ்சம் யோசிக்க வைக்கும், அதுவே நல்லது. பிளேலிஸ்ட் 18, பாட்டு 3,503. இரண்டையும் இணைக்கும் பிளேலிஸ்ட்டிராக் டேபிளில் இரண்டு ஐடியும் சேர்ந்து ஒரே பிரைமரி கீ. மெனி டு மெனி (பலவற்றுக்குப் பல) உறவுக்கு இதுவே அச்சு. பாட்டின் விலை டிராக்கிலும் இருக்கிறது, இன்வாய்ஸ்லைனிலும் இருக்கிறது. இதைத் தேவையற்ற நகல் என்று அழித்துவிடக் கூடாது; ஒன்று இன்றைய விலை, மற்றது விற்ற அன்றைய விலை. ஆனால் இன்வாய்ஸில் உள்ள டோட்டல், இன்வாய்ஸ்லைனில் உள்ள அதன் வரிசைகளைக் கூட்டினாலே கிடைக்கும் தொகை. அது தெரிந்தே வைத்த நகல், ஒரு பக்கம் மாறி மறுபக்கம் மாறாமல் போகும் ஆபத்து அதில் உண்டு.

குறைகளில் பெரியது, டேபிள்களையும் அவற்றின் உறவுகளையும் காட்டும் ஈஆர் படம் வரையாது. அதற்கு டிபீவர் என்ற வேறொரு கருவியின் இலவசப் பதிப்பில் இதே கோப்பைத் திறந்தால் 11 டேபிளும் கோடுகளோடு தெரியும்; முதல் தடவை டிரைவர் இறக்க இணையம் வேண்டும். தமிழில் தரவு வைப்பவர்களுக்கு: சேமிப்பதில் பிரச்சினை இல்லை, ஆனால் வரிசைப்படுத்தும் ஆர்டர் பை யூனிகோடு எண் வரிசையில் அடுக்குவதால் ‘ன’ போய் ‘ந’வுக்கு அடுத்து உட்கார்ந்துகொள்ளும், லெங்த் கேட்டால் ‘தமிழ்’ ஐந்து என்று வரும். எக்ஸெலிலிருந்து சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த உரைக் கோப்பு) எடுக்கும்போது யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். இறக்குமதி ஆன டேபிளுக்குப் பிரைமரி கீயை நீங்கள்தான் வைக்க வேண்டும்.

யூசர், கிராண்ட் (அனுமதி தருவது), ரிவோக் (அதைத் திரும்பப் பெறுவது) பாடம் மட்டும் இங்கே நடக்காது. எஸ்க்யூலைட்டில் பயனர் என்ற ஏற்பாடே இல்லை, கோப்பைத் திறக்க முடிந்தவர் எல்லாம் முதலாளி. அந்த அத்தியாயம் வரும்போது போஸ்ட்கிரெஸ் நிறுவிக்கொள்ளுங்கள். சினூக் அதற்கும் கிடைக்கிறது, இங்கே ஓடிய குரூப் பை அங்கே எத்தனை இடத்தில் பிழை காட்டுகிறது என்று கையோடு சோதித்துவிடலாம்.