ஃபைபர் இணைப்பு: மோடத்தில் பச்சை விளக்கு, போனில் ஓடிபி

திருநகரில் இருக்கும் நண்பர் ஒருவர், ஃபைபர் இணையத்துக்கு வருடப் பேக் போட்டால் கூடுதல் மாதங்கள் தருகிறார்களாம், போட்டுவிடலாமா என்று கேட்டார். எங்கள் தெருவில் இப்போதுதான் லைன் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். எத்தனை எம்பிபிஎஸ், எத்தனை ஆப் என்பதெல்லாம் நோட்டீஸிலேயே இருக்கிறது. கம்பெனி பெயரும் வேண்டாம். மதுரையில் பல ஏரியாக்களில் போர்டு எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும், கடைசி இருநூறு முந்நூறு மீட்டர் கேபிளை இழுப்பதும் பழுது பார்ப்பதும் அந்தந்த ஏரியா கேபிள்காரர்தான்.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். டவுன்லோடு எவ்வளவோ அப்லோடும் அவ்வளவு வருகிறது. போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் கல்யாண வீடியோவை இரவே ஏற்றிவிட்டுத் தூங்கப் போகலாம். பழைய செம்புக் கம்பி லைனில் மழை பெய்தால் இரைச்சல் வரும், இடி இடித்தால் மோடம் போகும். ஃபைபர் என்பது கண்ணாடி இழை, அதில் ஒளிதான் ஓடுகிறது, மின்சாரம் ஓடுவதில்லை, அதனால் அந்தத் தொல்லை இல்லை. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகைக் கரைப் பக்கம் மொபைல் டேட்டா அசையாது. வீட்டு ஃபைபர் அன்றைக்கும் எப்போதும்போல ஓடும். வேகத்தில் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

குறையெல்லாம் பழுது வரும் நாளில்தான். சரியாகச் சொன்னால் அந்த ஓடிபியில்.

புகார் கொடுத்ததும் ஒரு நம்பர் வரும். கொஞ்ச நேரத்தில் லைன்மேன் கூப்பிடுவார்: "அண்ணே, ஓடிபி ஒண்ணு வந்திருக்கும், அதை மட்டும் சொல்லுங்க. காலையில வந்து பார்த்துடுறேன்." சொன்ன அடுத்த நிமிடம் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்துவிடும். ஏணி இன்னும் கம்பத்தில் சாய்க்கப்படவே இல்லை. வேலை முடிந்ததற்கு வாடிக்கையாளர் தரும் கையெழுத்துதான் அந்த ஓடிபி. அதை வேலைக்கு முன்பே வாங்கிவிடுகிறார்கள். லைன்மேனைத் திட்டிப் பயனில்லை. குறித்த மணி நேரத்துக்குள் புகாரை மூடாவிட்டால் கேள்வி அவருக்குத்தான் வரும். கொளுத்தும் வெயிலில் கம்பத்தில் தொங்குபவரும் அவர்தான். அவரை அப்படி வைத்திருக்கும் ஏற்பாட்டின் மேல்தான் எனக்குக் கோபம்.

நேரில் வந்து பார்த்தாலும் பாதிப் பழுது தீராமலே புகார் மூடப்படுவது ஏன் என்பதற்கு ஃபைபருக்குள் கொஞ்சம் போக வேண்டும். கேபிள்காரரின் கன்ட்ரோல் ரூமில் இருக்கும் பெட்டியிலிருந்து ஒளி ஏறத்தாழ +3 டிபிஎம் (ஒளியின் வலிமையை அளக்கும் அலகு) அளவில் கிளம்புகிறது என்று வையுங்கள். வழியில் ஒரு இழையை எட்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் ஒன்று, அதற்குப் பிறகு இன்னொன்று. ஒவ்வொன்றிலும் 10.5 டெசிபல் போகும். ஆக −18. கேபிள் நீளம், நடுவில் உள்ள இணைப்புகள் என்று இன்னும் இரண்டு மூன்று போனால் வீட்டுக்குள் −20, −21 வர வேண்டும். இது நல்ல அளவு. மைனஸுக்குப் பின் எண் கூடக்கூட ஒளி குறைவு. −27-ஐத் தாண்டினால் மோடம் ஒளியைச் சரியாகப் படிக்காது. 3 டெசிபல் குறைந்தாலே ஒளி பாதியாகிவிட்டது என்று அர்த்தம். ஆனால் −26.5-லும் பச்சை விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் கம்பெனிக் கணக்கில் பழுது தீர்ந்தது. மதியம் மூன்று மணிக்கு வீடியோ கால் உறைந்து நின்றால் "உங்க வைஃபை பிரச்சினை சார்" என்பார்கள்.

ஒளி எங்கே கசிகிறது என்றால், பெரும்பாலும் ஃபாஸ்ட் கனெக்டரில். வைக்கோல் லாரி இழுத்துக் கேபிள் அறுந்தாலோ அணில் கடித்தாலோ, இரண்டு முனைகளையும் ஸ்ப்ளைஸ் மெஷினில் உருக்கி ஒட்டுவதுதான் முறை. அதில் இழப்பு 0.1 டெசிபலுக்குள் நிற்கும். மெஷின் விலை அதிகம், எல்லா லைன்மேனிடமும் இருக்காது. அதனால் கையாலேயே உரித்து, வெட்டி, ஃபாஸ்ட் கனெக்டரைச் சொருகிக் கிளிப் போட்டுவிடுகிறார்கள். இரண்டு நிமிட வேலை. வெட்டும் பிளேடு தேய்ந்திருந்தால் முனை சீராக அமையாது. கனெக்டருக்குள் இருக்கும் ஜெல் வெயிலில் நாளாவட்டத்தில் காயும். கம்பத்தில் வெயில் படும் இடத்தில் அந்த இணைப்பு இருந்தால், காலையில் −24, மதியம் −27 என்று ஆடும். கத்திரி வெயிலில் மதியம் மட்டும் இணையம் போகிறது என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இன்னொன்று, பச்சைத் தலைக் கனெக்டரும் நீலத் தலைக் கனெக்டரும். பச்சையின் முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்த்தது, நீலம் நேராக. கையில் பச்சை பேட்ச் கார்டு (மோடத்தில் சொருகும் சின்ன ஃபைபர் வயர்) இல்லையென்று நீலத்தை மாட்டினால் உள்ளே போய் உட்காரும், விளக்கும் எரியும், நடுவில் இடைவெளி நின்று ஒளி வீணாகும். மோடத்தின் ஃபைபர் வாய் பச்சையா நீலமா என்று பார்த்து, அதே நிறத் தலைதானா மாட்டியிருக்கிறார் என்று கவனியுங்கள். மிச்சக் கேபிளைச் சின்ன வட்டமாகச் சுற்றி ஆணியில் மாட்டுவதும் வேண்டாம். உள்ளங்கை அகலத்துக்குக் குறைந்த வட்டம் கூடாது.

இதையெல்லாம் வீட்டிலிருந்தே அளக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முகவரியும் பாஸ்வேர்டும் இருக்கும். பெரும்பாலும் 192.168.1.1. பிரவுசரில் திறந்து ஸ்டேட்டஸ் பகுதியில் பான் அல்லது ஆப்டிகல் என்ற பக்கத்துக்குப் போனால் ஆர்எக்ஸ் பவர் என்று ஒரு எண் தெரியும், மோடத்துக்கு வந்து சேரும் ஒளியின் அளவு அது. காலையில் ஒரு முறை, உச்சி வெயிலில் ஒரு முறை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். லைன்மேனிடம் அதைக் காட்டினால் பேச்சே மாறிவிடும். "இணைப்பை மாத்திட்டுத்தான் போவேன்ணே" என்று அவரே சொல்வார். ஒன்று மட்டும் வேண்டாம்: பின்பக்கம் ஊசி நுழையும் துளையில் இருக்கும் ரீசெட்டை அழுத்தாதீர்கள். கம்பெனி போட்டுவைத்த யூசர் நேம், விலான் என்ற லைன் அமைப்பு எல்லாம் அழிந்து, நல்ல லைனிலும் இணையம் வராது.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் தனிக் கதை. ஸ்பிளிட்டருக்கு மின்சாரம் தேவையில்லை. மோடத்துக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று போதும், மீனாட்சி பஜாரில் கிடைக்கும். அடாப்டரில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து அதற்குக் குறையாமல் வாங்குங்கள். அப்படியும் பதினொரு மணிவாக்கில் சிவப்பு விளக்கு சிமிட்டினால், கேபிள்காரர் பெட்டியின் பேட்டரி தீர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டிலும் சிவப்பென்றால் அங்கே கோளாறு. உங்கள் வீட்டில் மட்டும் என்றால் உங்கள் கேபிளில்.

இனி சட்டம். டிராய் என்னும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2012 விதிமுறைப்படி ஒவ்வொரு புகாருக்கும் நம்பர் தர வேண்டும். தீர்வு திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், கட்டணம் கிடையாது, 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். டிராய் தனிநபர் புகாரை நேரடியாக விசாரிக்காது. 2022-இல் உச்ச நீதிமன்றம் தொலைத்தொடர்புக் குறைகளுக்கு நுகர்வோர் ஆணையத்தையும் அணுகலாம் என்று சொல்லிவிட்டது. கட்டிய தொகை 5 லட்சம் வரை இருந்தால் அங்கே மனுக் கட்டணமும் இல்லை. 2024-இல் வந்த சேவைத் தர விதிமுறையோ பழுதை 3 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் ஈடு தர வேண்டும் என்கிறது. நல்ல விதி. ஆனால் மூன்றாம் நாள் முடிவதற்குள் ஓடிபியை வாங்கி மூடிவிட்டு மறுநாள் புது நம்பர் போட்டால், கணக்கு மறுபடி ஒன்றாம் நாளிலிருந்து தொடங்குகிறது. அந்த ஓட்டையை அடைக்காமல் மூன்று நாள் கெடு காகிதத்தில்தான் இருக்கும்.

ஒவ்வொரு ஆப்புக்கும் வேறு வேறு டேட்டா விலை கூடாது என்று 2016-இல் துணிந்து சொன்ன டிராய்க்கு இது பெரிய காரியமே இல்லை. ஏழு நாளுக்குள் திரும்பி வரும் பழுதைப் பழைய நம்பரிலேயே சேர்க்க வேண்டும். மூடும் குறுஞ்செய்தியில் ஆர்எக்ஸ் பவர் எண்ணைப் போட வேண்டும். இந்த இரண்டு வரி போதும். ஆப்பில் வரும் ஒரு தொடரைப் பற்றிப் புகார் கொடுத்தால் 15 நாளில் முடிவு சொல்ல, 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் ஒரு குறைதீர் அதிகாரியை வைத்திருக்கின்றன. அந்தத் தொடர் வீட்டுக்கு வந்து சேரும் கம்பிக்கும் அப்படிப் பெயரோடு பொறுப்பேற்கும் ஒருவர் வேண்டாமா?

அந்த ஆப்களின் விலையும் இப்படித்தான். கேபிள் டிவியில் 2019 முதல் சேனலுக்குச் சேனல் விலை தெரியும், வேண்டாததை எடுத்துவிடலாம். ஃபைபர் பேக்கில் பத்துப் பன்னிரண்டு ஆப்களை மொத்தமாகக் கட்டித் தருகிறார்கள். எதற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதில்லை, வேண்டாமென்றால் குறைப்பதும் இல்லை. விளம்பரத்தில் 499 என்பது 18 சதவீத ஜிஎஸ்டியோடு 588.82 ஆகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நண்பருக்கு என் பதில்: இதைவிட நல்ல வேகம் உங்கள் தெருவில் வேறு கிடைக்காது, ஆனாலும் வருடப் பேக் போடாதீர்கள். மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டிய வீட்டுக்கு வர லைன்மேனுக்கு என்ன அவசரம்? மாதாமாதம் போடுங்கள். இணைப்புக் கொடுக்கும் அன்றே, அவர் கிளம்பும் முன் ஆர்எக்ஸ் பவரைக் காட்டச் சொல்லுங்கள். −22-க்குக் கீழே போயிருந்தால் கம்பத்தில் இருக்கும் இணைப்பை மறுபடி போடச் சொல்லிவிட்டு, எண் சரியான பிறகு ஓடிபியைச் சொல்லுங்கள்.