உயிர் எலியா, ஃப்ரீசர் எலியா? சில வருடப் பழக்கத்தில் தெரிந்தவை

என்னிடம் வளர்ப்புப் பாம்புகள் இரண்டு: ஒரு பால் பைத்தான் (ball python, சின்ன வகை மலைப்பாம்பு), ஒரு கார்ன் ஸ்நேக் (corn snake, விஷமில்லாத பாம்பு). சில வருடங்களாக இரண்டுக்கும் தீனி ஃப்ரீசர் எலிதான், அதாவது கொன்று உறைய வைத்த எலி. "செத்த எலியைப் பாம்பு தொடாது" என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை பாம்பு வேண்டாமென்பது செத்த எலியை அல்ல, சில்லென்று இருக்கும் எலியை.

பால் பைத்தானின் மேலுதட்டோரம் வரிசையாகச் சின்னக் குழிகள் இருக்கும். இரையின் உடல் சூட்டை அது உணர்வது அவற்றால்தான். ஐஸ் கரைந்ததும் எலியை அப்படியே நீட்டினால், அதற்கு அது வெறும் பொருள். அதனால் முந்தின இரவே எலியை ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடுவேன். மறுநாள் மாலை ஜிப் கவரில் போட்டு வெந்நீரில் வைப்பேன்; கொதிக்கிற நீர் கூடாது. வயிற்றை அழுத்திப் பார்த்து, உள்ளே கட்டியாக எதுவும் தட்டுப்படாவிட்டால் சரி. கொடுப்பதற்குச் சற்று முன் தலையை மட்டும் இன்னும் கொஞ்சம் சூடாக்குவேன். 38 டிகிரி செல்சியஸ் பக்கம் வந்ததும் துடைத்து, நீளமான இடுக்கியில் பிடித்து லேசாக ஆட்டினால், பாம்பின் கழுத்து 'எஸ்' போல மடங்கும், அடுத்த நொடி சுற்றிவிடும். மைக்ரோவேவ் பக்கமே போகாதீர்கள். சூடு ஒரே சீராக ஏறாது, எலி வெடித்தும் போகும்.

கார்ன் ஸ்நேக்குக்கு அந்தக் குழிகள் கிடையாது. வாசனை பிடித்தே வந்துவிடும், அதிகம் படுத்தாது.

பைத்தான் கதை வேறு. முன்பு வளர்த்தவர் உயிர் எலியே கொடுத்துப் பழக்கியிருந்தார். என்னிடம் வரும்போதே அதன் முதுகில் எலி கடித்த தழும்பு இருந்தது. அந்த இடத்தில் செதில்கள் கோணலாக வளர்ந்திருக்கின்றன. ஒவ்வொரு முறை தோல் உரிக்கும்போதும் அங்கே மட்டும் ஒட்டிக்கொள்ளும், ஈரத்துணி வைத்து எடுத்துவிட வேண்டும். பசியில்லாத பாம்போடு எலியை ராத்திரி முழுக்க விட்டுவைத்தால், பாம்பைத்தான் எலி கொறிக்கும். கண் போன பாம்புகளும் உண்டு. மூலையில் மாட்டிக்கொண்ட எலி படும் பாட்டையும் நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

பழக்கத்தை மாற்றப் பொறுமை வேண்டும். முதலில் அப்போதுதான் கொன்ற எலி, அப்புறம் ஐஸ் கரைத்துச் சூடாக்கியது. நடுவில் சில வேளை தின்னாமல் கிடந்தது. எடை குறையாத வரை வளர்ந்த பால் பைத்தான் வாரக்கணக்கில் பட்டினி கிடப்பது புதிதில்லை. இருட்டியபின், ஒளிந்துகொள்ளும் பெட்டியின் வாசலில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவது எனக்குப் பலித்தது. காலையில் அப்படியே கிடந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான், திரும்ப உறைய வைக்கக் கூடாது.

குறைகளும் உண்டு. சால்மொனெல்லா கிருமி ஃப்ரீசரில் சாகாது. அதனால் எலிக்குத் தனி டப்பா, தனிப் பாத்திரம்; முடிந்தால் சமையல் சாமான் இல்லாத ஃப்ரீசர். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ரொம்ப நாள் கிடந்தால் சத்தும் குறையும் என்பதால் ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிடுவேன்.

எதை வைத்தாலும் தொடாமல் எடை இறங்கிக்கொண்டே போனால், முதலில் கூண்டின் வெப்பத்தைப் பாருங்கள், அப்புறம் மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்கும் பிறகு உயிர் எலிதான் வழி என்றால், இடுக்கியோடு பக்கத்திலேயே இருங்கள்.