அசல் ஃப்ளாஷ் கன்னா, பட்டறையில் கடைந்த நகலா?

‘ஸ்டார் வார்ஸ்’ படங்களில் வரும் ஒளிவாளின் (லைட்சேபர்) கைப்பிடியைச் செய்ய மூன்று வழி உண்டு. காமிராவில் மாட்டும் பழைய ஃப்ளாஷ் கன்னை (பேட்டரிக் குழாயும் பல்பும் கொண்ட விளக்கு) வாங்கி மாற்றலாம், லேத் பட்டறையில் குழாயைக் கடைந்து நகல் எடுக்கலாம், த்ரீடி பிரிண்ட் போடலாம். என் ஓட்டு இரண்டாவதற்கு. அசல் கையில் இருந்தாலும் அதை அப்படியே வைத்துவிட்டு நகல் எடுங்கள் என்றுதான் சொல்வேன்.

பின்னணி தெரியாதவர்களுக்கு: 1977-இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்காக செட் அலங்கரிப்பாளர் ரோஜர் கிறிஸ்டியன் லண்டனில் ஒரு புகைப்படக் கடையில் கண்டெடுத்த கிராஃப்ளெக்ஸ் மூன்று செல் ஃப்ளாஷ்தான் நாயகனின் வாள் கைப்பிடி ஆனது. வில்லனுடையது எம்பிபி மைக்ரோஃப்ளாஷ் என்ற பிரிட்டிஷ் சரக்கு. அமெரிக்காவின் ராச்செஸ்டரில் பத்திரிகைக் காமிராக்களுக்காகச் செய்த பொருளுக்கு இப்போது காமிரா சேகரிப்பவர்கள் ஒரு பக்கமும் பட ரசிகர்கள் இன்னொரு பக்கமும் போட்டி போடுகிறார்கள். விலை ஏன் ஏறிக் கிடக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் கிராஃப்ளெக்ஸ் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஃப்ளாஷ் என்று கேட்டால் அக்ஃபா க்ளிக் காமிராவோடு வந்த சின்ன வகையை எடுத்துக் காட்டுவார்கள். அதில் பிடிக்கும் அளவுக்குக் குழாய் கிடையாது, இந்த வேலைக்கு ஆகாது. டி செல் (பெரிய டார்ச் பேட்டரி) போடும் நீளக் குழாய் ஏதாவது கண்ணில் பட்டால் முதலில் நிறத்தைப் பாருங்கள். குழாய் பித்தளை, மேலே வெள்ளை முலாம். ஆனால் கடையில் சாமான் வந்ததும் புளி போட்டுத் தேய்ப்பது நம்மூர் வழக்கம். குத்துவிளக்குக்கு அது சரி. ஏற்கெனவே தேய்ந்த முலாத்தில் புளியும் செங்கல் பொடியும் பட்டால் மிச்சமும் போய்விடும். தங்கம்போல் பளபளத்தால் முலாம் போய்விட்டது என்று அர்த்தம். கடைக்காரர் அதையே பெருமையாகக் காட்டுவார்.

அடுத்தது உள்ளே. பழைய செல் கசிந்து குழாயோடு இறுகிப் போயிருந்தால் ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பக் கூடாது, குழாய் வீங்கிவிடும். பழைய துத்தநாக–கார்பன் செல்லின் கசிவு அமிலத்தன்மை கொண்டது. அதற்குச் சமையல் சோடா கரைத்த நீர். ஆல்கலைன் செல்லின் கசிவு காரம். அதற்கு வினிகரோ எலுமிச்சைச் சாறோ. மாற்றிப் போட்டால் அழுக்கு அசையாது. பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் முழுக்கக் காயவிட வேண்டும். ஸ்பிரிங்கில் பச்சைக் களிம்பு மிஞ்சினால் அடுத்த ஐப்பசி மழைக்குள் மறுபடி பரவும்.

இதெல்லாம் தாண்டி வந்தாலும் என் முடிவைத் தீர்மானிப்பது ஒரே ஒரு விஷயம்: துளை.

ஒளிவாளாக மாற்றச் சேர்ப்பது கொஞ்சம்தான். அடிப்பாதியில் ஆறேழு கறுப்புப் பட்டைகள், நடுவிலுள்ள கிளாம்பில் பழைய கால்குலேட்டரின் குமிழ் லென்ஸ் பட்டை, இடுப்பில் மாட்ட அடிமூடியில் ஆங்கில ‘D’ வடிவ வளையம் ஒன்று. பட்டைகளை நுரையில்லாத மெல்லிய இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டினால் பின்னால் உரித்துவிடலாம். லென்ஸ் பட்டையைக் கிளாம்பே பிடித்துக்கொள்ளும். வளையம்தான் வில்லங்கம். ரிவெட் அடிக்க அடிமூடியைத் துளைத்தாக வேண்டும். துளையின் விளிம்பில் முலாம் செதில் செதிலாக எழும்பும், அங்கிருந்து களிம்பு உள்ளே ஓடும். விற்கப் போகும்போது விவரம் தெரிந்தவர் முதலில் திருப்பிப் பார்ப்பதும் அடிமூடியைத்தான். எபாக்ஸி போட்டு ஒட்டுவது இன்னும் மோசம், பிரிக்கும்போது முலாத்தையும் சேர்த்து உரிக்கும்.

செட்டிநாட்டில் இருப்பவருக்கு இந்தத் துளையின் நஷ்டம் இரட்டிப்பு. கானாடுகாத்தான், காரைக்குடி வீடுகளில் பழைய காலக் கதைப் படங்கள் எடுப்பதுண்டு. கல்யாணக் காட்சியிலோ நிருபர் கூட்டத்திலோ ரிஃப்ளெக்டரோடு (பல்பின் பின்னால் இருக்கும் ஒளி திருப்பும் தட்டு) முழுசாக இருக்கும் ஃப்ளாஷ் கன்னை ஆர்ட் டிபார்ட்மென்ட் வாடகைக்குக் கேட்கும். பட்டை ஒட்டி, தலையைக் கழற்றி, அடியைத் துளைத்துவிட்டால் அந்த வாடகையும் போயிற்று. முழுசாக வைத்திருந்தால் பல்பு இடத்தில் எல்இடி வைத்து எரியவிடலாம். அப்போது 80–100 மில்லி செகண்டாவது எரியும்படி வையுங்கள். நொடிக்கு 24 ஃபிரேமில் ஒரு ஃபிரேமே கிட்டத்தட்ட 42 மில்லி செகண்ட். அதைவிடக் குறைந்தால் டிஜிட்டல் காமிராவில் ஃபிரேமின் பாதி மட்டும் வெளுக்கும். அசல் பல்பைக் கொளுத்த வேண்டாம், கண்ணாடி வெடிக்கலாம், சூடும் அதிகம்.

நகலுக்கு வருவோம். மூன்று டி செல் நுழையும் அளவுதான் கணக்கு. வெளிவிட்டம் 38 மி.மீ., சுவர் 1.6 மி.மீ. குழாய். 28 செ.மீ. நீளம் என்றால் பித்தளையில் சுமார் 440 கிராம், அலுமினியத்தில் 140. கையில் எடுத்த நடிகருக்கே வித்தியாசம் தெரியும், வீசும் வேகத்தில் அது திரையிலும் வரும். லேத்தில் மெல்லிய குழாயைச் சக்கில் (மூன்று தாடையால் பிடிக்கும் பகுதி) நேராக இறுக்கினால் முக்கோணமாகிவிடும். உள்ளே வேப்பங்கட்டையோ நைலானோ முளையாகச் செருகிவிட்டுத்தான் இறுக்கச் சொல்ல வேண்டும். முளை தளர்ந்தால் உளி அதிர்ந்து வரிவரியாகக் கோடு விழும், அது எமரியில் போகாது. மெருகுக்கு 400, 600, 1000 எண் எமரித் தாள், தண்ணீர் தொட்டு, பிறகு துணிச் சக்கரத்தில் பஃப்.

முலாம்தான் பித்தளைக்குச் சாதகமான பெரிய காரணம். பித்தளையில் நிக்கல் நேராக ஏறும். அலுமினியத்துக்கு முன்னதாகத் துத்தநாகக் குளியல் வேண்டும், சின்னப் பட்டறைகளில் அதைத் தவிர்த்துவிட்டு ஏற்றினால் கொப்புளமாக உரியும். மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற காரைக்குடியிலேயே இந்தக் கதி! குரோம் வேண்டாம், நிக்கலோடு நிறுத்துங்கள். குரோம் கண்ணாடி மாதிரி விளக்கையும் யூனிட் ஆட்களையும் காட்டும். நிக்கல் தேய்ந்த விளிம்பில் தெரியும் பித்தளை அசலின் தேய்மானத்தையே கொடுத்துவிடும், பெயின்ட் வேலை மிச்சம். ஒரே அளவில் மூன்று கடைந்து வைத்தால் கன்டின்யூட்டிக்கும் (ஷாட்டுக்கு ஷாட் பொருள் மாறாமல் இருப்பது) கவலை இல்லை. அசலில் ஜோடி சேர்ப்பது லேசில் நடக்காது.

த்ரீடி பிரிண்டைப் பற்றிச் சுருக்கமாக: பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழை என்றால் சித்திரை வெயிலில் காரின் டிக்கியில் வைக்காதீர்கள், சுமார் 60 டிகிரியில் வளையும். ரெசின் வேறு கணக்கு, அதை இங்கே எடை போடவில்லை. ஆனால் சண்டைக் காட்சிக்குப் பிளாஸ்டிக் கட்டாயம். 440 கிராம் பித்தளை கை நழுவி விழுந்தால் தரையில் பதித்த ஆத்தங்குடி கல்லின் மூலை தெறிக்கும். கையால் வார்த்த கல், அதே பழைய நிறத்தில் இன்னொன்று தேடி வீட்டுக்காரருக்குக் கொடுப்பது வாடகையைவிடப் பெரிய தலைவலி.

நகலின் அடிமூடியில் கிராஃப்ளெக்ஸ் பெயரைப் பொறிக்க வேண்டாம். உங்கள் பட்டறைக் குறியும் ஆண்டும் போதும். இரண்டு கை மாறியதும் அதை அசல் என்று யாரோ விற்பார், வாங்கியவர் தேடிக்கொண்டு வருவது உங்களிடம்தான்.