எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டி எஞ்சினைச் சொன்ன பட்டறை

நெல் மூட்டை ஏற்றும் பழைய டாடா லாரி எங்களுடையது. ஆர்.சி. புத்தகத்தை நம்பி கும்பகோணத்தில் ஹெட் கேஸ்கட் (எஞ்சின் பிளாக்குக்கும் மேல் மூடிக்கும் நடுவில் வைக்கும் தகடு) வாங்கினேன், பொருந்தவில்லை. கடைக்காரர் திருப்பி எடுக்கவும் இல்லை. அப்புறம்தான் மன்னார்குடி சாலையில் உள்ள இந்தப் பட்டறைக்குப் போனேன்.

மேஸ்திரி புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. பிளாக்கில் மண்ணெண்ணெய் ஊற்றி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சாக்பீஸைப் பூசினார். குத்திய எண் வெள்ளையாகத் தெளிந்தது: 697. "ஆறு சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர், அதாவது சிலிண்டர் துளையோட அகலம். நீங்க வாங்கினது 692-க்கு, அது 92 போர் தம்பி" என்றார். யாரோ எப்போதோ எஞ்சினையே மாற்றியிருக்கிறார்கள்!

கூலி நியாயம். டீயும் வாங்கித் தந்தார். அறுவடைக் காலத்தில் மட்டும் போகாதீர்கள், டிராக்டர் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்.