“டிஸ்ப்ளே பீஸ்”னு சொல்லி என் தலையில கட்டின பெல்லட் கிரில் – டல்லாஸ் பக்கம் இருக்கறவங்க உஷார்

கடை பேரு போடல, விஷயம் இன்னும் நோட்டீஸ்ல இருக்கு. டல்லாஸுக்கு வடக்க ஹைவே ஓரமா கிரில், தோட்டத்து நாற்காலி எல்லாம் விக்கற ஒரு கடை, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

கரி அடுப்போட மல்லுக்கட்ட எனக்குப் பொறுமை இல்ல. பெல்லட் கிரில்னா, மரத்தூள அழுத்திச் செஞ்ச குட்டிக் குச்சிங்கள (அதான் பெல்லட்) கரண்ட்ல தானா எரிச்சு சமைக்கற அடுப்பு, ரைஸ் குக்கர் மாதிரி பட்டனத் தட்டினா போதும்னு ஆபீஸ்ல ஏத்திவிட்டாங்க. ஆரிகன்ல ஜோ ட்ரேகர்னு ஒருத்தர் 80கள்ல கண்டுபிடிச்சது, 2006ல பேட்டன்ட் முடிஞ்சதும் ஆளாளுக்கு செய்ய ஆரம்பிச்சுட்டாங்க, அதனால எது நல்ல பீஸ்னு நமக்கு எங்க தெரியுது. கடைக்காரன் 480 டாலருக்கு ஒண்ணு காட்டி, டிஸ்ப்ளேக்கு வெச்சது, ஒரு தடவகூட பத்த வெச்சதில்லன்னு அடிச்சு சொன்னான். கேஷா குடுத்தா 40 டாலர் கம்மி, 20 பவுண்டு பெல்லட் மூட்டை வேற ஃப்ரீ. ஃப்ரீன்னதும் பல்லக் காட்டிட்டு தூக்கிட்டு வந்துட்டேன்.

ஞாயித்துக்கிழமை ரெண்டு ஃபேமிலி சாப்பிட வர்றாங்க. ஆட்டுத்தொடை ரெண்டு, தயிர் மிளகு இஞ்சி பூண்டு போட்டு ராத்திரியே ஊற வெச்சாச்சு. ஹாப்பர்ங்கற பெட்டியில கொட்டற பெல்லட்ட ஆகர்னு ஒரு திருகு தள்ளிட்டுப் போய் ஃபயர் பாட்ல போடும், அது டம்ளர் சைஸ்ல ஒரு இரும்புக் கிண்ணம், அங்க ஹாட் ராட் பழுத்து பத்த வைக்கும், ஃபேன் ஊதும், நாலஞ்சு நிமிஷத்துல பிடிச்சுக்கணும். எனக்கு எட்டு நிமிஷம் ஆகியும் ஒண்ணும் காணோம். ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன், மறுபடியும், மறுபடியும். ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் புதுசா பெல்லட் வந்து கொட்டி கிண்ணம் ரொம்புதுன்னு யாரு கண்டா. நாலாவது தடவ மஞ்சளும் வெள்ளையுமா கட்டிப் புகை, நான் மூடிய சாத்தினேன், ஒரு நிமிஷங்கூட ஆகல, டொம்முனு மூடி எகிறி விழுந்துச்சு. பயத்துல பிளக்கப் பிடுங்கிட்டேன்.

புகையப் பாத்துட்டு பக்கத்து வீட்டுப் பெரியவர் ஓடி வந்தாரு, ரிட்டயர் ஆனவர், அவர்கிட்டயே மூணு கிரில் இருக்கு. பிளக்கப் பிடுங்கினதுக்குத்தான் முதல் திட்டு. ஃபேன் நின்னா தீ ஆகர் குழா வழியா ஹாப்பருக்கே ஏறிடுமாம், ஷட்டவுன் போட்டு பத்து நிமிஷம் ஃபேன் ஓடி மிச்சம் எரிஞ்சு முடியணுமாம். அன்னிக்கு ஆட்டுத்தொடைய வெட்டி குக்கர்ல போட்டு அஞ்சு விசில் விட்டு மானத்தக் காப்பாத்தினோம்.

மறுநாள் சாயங்காலம் ரெண்டு பேரும் பிரிச்சோம். ஃப்ரீ பெல்லட்ட கையில எடுத்து உடைச்சுக் காட்டினாரு, நல்லதா இருந்தா டக்குனு ஒடியணும், இது புட்டு மாவு மாதிரி உதிருது, ஈரம் குடிச்சது. ஃபயர் பாட் ஓட்டையெல்லாம் சாம்பல் இறுகி அடைச்சிருக்கு. டெம்பரேச்சர் ப்ரோப், உள் சுவத்துல நீட்டிட்டு இருக்கற ஒரு குட்டிக் கம்பி, அது மேல கருப்பா எண்ணெய்ப் பிசுக்கு பொரிஞ்சு கெட்டியாயிருக்கு. அத அப்படியே விட்டுட்டு அவரோட பெல்லட் போட்டு, அவரோட தெர்மாமீட்டர உள்ள வெச்சு ஓட்டினா ஸ்கிரீன்ல 225 ஃபாரன்ஹீட், தெர்மாமீட்டர்ல 310. ப்ரோப்புக்கு கம்பளி போத்தின மாதிரி, குளுருது குளுருதுன்னே சொல்லும், கன்ட்ரோலரும் பாவம் பெல்லட்ட போட்டுக்கிட்டே இருக்கும். நல்ல கிரில்லுலயே பத்து இருபது டிகிரி ஏறி இறங்கும், அது நார்மல், ஆனா இது 85 டிகிரி.

அப்பதான் உறைச்சுது, ஒரு தடவகூட பத்த வெக்காத கிரில்லுக்கு எண்ணெய்ப் பிசுக்கு எப்படி வரும்? எண்ணெய் வடியற தட்டு, அந்த டிரிப் ட்ரேவத் தூக்கினா அடியில காஞ்சு போன ஒரு விலா எலும்பு.

கம்பெனிக்கு போன் போட்டு சீரியல் நம்பர் சொன்னேன், ரெண்டு வருஷம் முன்னாடியே வேற யாரோ பேர்ல ரிஜிஸ்டர் ஆகியிருக்கு, வாரன்டி உங்களுக்கு வராதுன்னுட்டாங்க. கடைக்காரன் பில்லு அடியில எறும்பு சைஸ்ல “இருக்கறபடியே விற்பனை”ன்னு அடிச்சிருக்கறதக் காட்றான், போதாக்குறைக்கு உனக்கு ஓட்டத் தெரியலங்கறான். அவன் அனுப்பின மெக்கானிக் ப்ரோப்ப துணியால தொடச்சுட்டு 95 டாலர் வாங்கிட்டுப் போனான், அந்தத் துணி என்னுதுதான்.

வாங்கப் போறவங்க காசு குடுக்கறதுக்கு முன்னாடி கண்ணு முன்னால ஜில்லுனு இருக்கற கிரில்ல ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொல்லுங்க, ட்ரேவத் தூக்கிப் பாருங்க, சீரியல் நம்பர அங்கயே நின்னு போன்ல கேளுங்க, கார்டுல குடுங்க, நான் கேஷா குடுத்துட்டு இப்ப பேங்க்ல தகராறுகூட போட முடியாம நிக்கறேன். தீ பிடிக்கலன்னா திரும்பத் திரும்ப ஆன் பண்ணாம, ஆறவிட்டு ஃபயர் பாட்ட காலி பண்ணிட்டு அப்புறம் ஆரம்பிங்க.

டெக்சஸ்ல 1973ல இருந்து ஏமாத்து வியாபாரத்துக்கு எதிரா ஒரு சட்டம் இருக்கு, பழச புதுசுன்னு சொல்லி விக்கறது அதுலயே எழுதியிருக்கு. கேஸ் போடறதுக்கு முன்னாடி 60 நாள் நோட்டீஸ் குடுக்கணும், ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பி இன்னியோட 41 நாள். அந்த எலும்ப ஜிப்லாக் கவர்ல போட்டு ஃப்ரீசர்ல வெச்சிருக்கேன், எப்ப தூக்கிப் போடப் போறேன்னு வீட்ல தினம் கேக்கறாங்க.