79 டாலர் போச்சு: கையெழுத்து ஃபான்ட் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

நேற்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஃபான்ட் விற்கிற ஓர் ஆன்லைன் சந்தையில், தூரிகையால் எழுதினாற்போல் சுழித்து ஓடும் ஆங்கில ஸ்கிரிப்ட் ஃபான்ட் ஒன்றை 79 டாலர் கொடுத்து வாங்கி ஏமாந்துவிட்டேன்.

என்னை விழ வைத்தது முன்னோட்டப் படம். ஒரே சொல்லில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு 'டி'. ஒன்று கொஞ்சம் உயரம், மற்றது குட்டை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே குறுக்குக்கோடு, மை தீர்ந்த தூரிகை மாதிரி நுனியில் பிசிறி நின்றது. சாதாரண ஃபான்டில் ஓர் எழுத்து எங்கே வந்தாலும் ஒரே வடிவம்தான். அது கையெழுத்துப்போல் மாறி மாறி வரவேண்டுமென்றால் ஓபன்டைப் என்கிற ஃபான்ட் கோப்பு வகையில், ஒரே எழுத்துக்கு வேறு வேறு வடிவங்களான மாற்று எழுத்துகளும், சேர்ந்து வரும் எழுத்துகளை ஒரே வடிவமாக இணைத்த லிகேச்சர்களும் வரைந்து சேர்க்க வேண்டும். பெரிய உழைப்பு அது. அதற்குத்தான் 79 டாலர் என்று நம்பினேன். இருந்தாலும் விற்றவரிடமே கேட்டேன்: "படத்தில் இருப்பதெல்லாம் ஃபான்டுக்குள் இருக்கிறதா?" பத்தே நிமிடத்தில் பதில்: "எல்லாம் இருக்கிறது, தைரியமாக வாங்குங்கள்." உடனே பணம் கட்டினேன்.

இறக்கி, அதே சொல்லைத் தட்டினேன். இரண்டு 'டி'யும் அச்சு அசல் ஒன்று. ஃபான்டில் உள்ள வடிவங்களையெல்லாம் காட்டுகிற கிளிஃப் பேனலில் மாற்று எழுத்து ஒன்றுகூட இல்லை. ஜூம் செய்தேன். 'ஓ'வின் வால் முடிகிற உயரமும் அடுத்த 'ஆர்' தொடங்குகிற உயரமும் சேரவில்லை, நடுவில் மயிரிழை இடைவெளி. சின்ன அளவில் தெரியாது, வாடிக்கையாளருக்காக நான் செய்கிற வாழ்த்து அட்டையின் முகப்பில் பெரிதாகப் போட்டால் ஒவ்வொரு இணைப்பும் வெட்டுப்பட்டாற்போல் தெரிகிறது. எழுத்தின் வளைவைத் தீர்மானிக்கிற புள்ளிகள் சிலவே போதும், இங்கே வளைவு முழுக்கத் தேவையில்லாத புள்ளிகள் எறும்பு மொய்த்த மாதிரி. எழுதிய படத்தை, தானாகவே வளைகோடுகளாக மாற்றித் தருகிற ஆட்டோ டிரேஸில் போட்டதோடு சரி, யாரும் கை வைத்துச் சீர்செய்யவே இல்லை. வாடிக்கையாளர் பெயரில் மேலே இரட்டைப் புள்ளி வைத்த 'ஈ' வரும். அந்த எழுத்து இதில் கிடையாது. அந்த இடத்தில் வேறு ஏதோ ஃபான்டின் எழுத்து வந்து உட்கார்ந்திருந்தது.

விற்றவரிடம் கேட்டால், "உங்கள் மென்பொருள் பழசு" என்றார். புதுசுதான் என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். "லிகேச்சரை ஆன் செய்ய உங்களுக்குத் தெரியவில்லை" என்றார். எழுத்தையே தொழிலாக வைத்திருப்பவளிடம்! அதற்கப்புறம் பதிலே இல்லை. சந்தையின் உதவிப் பிரிவில் கேட்டால், "டிஜிட்டல் பொருள், இறக்கிவிட்டீர்கள், பணம் திரும்பாது." படம் வேறு, பொருள் வேறு என்று விளக்கினேன். திரும்பவும் அதே வரி, ஒரு எழுத்து மாறாமல். நான் போட்ட விமர்சனத்தையும் காலையில் காணோம். முழுசாக 79 டாலர்.

என்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது கை ஓடவில்லை. படத்தை நம்பாதீர்கள். உங்கள் சொல்லை நீங்களே தட்டிப் பார்க்க வசதி இல்லாத இடத்தில் வாங்காதீர்கள். முழு எழுத்துப் பட்டியலையும் கேளுங்கள். லோகோவுக்கும் இணையதளத்துக்கும் தனி லைசென்ஸா என்று பாருங்கள். விற்பவர் சொல்வதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அது இருந்ததால்தான் கார்டு கம்பெனியில் என்னால் புகார் கொடுக்க முடிந்தது.

நாளை காலை அட்டை அச்சுக்குப் போகிறது. வளைகோடு வரைகிற பேனா டூலை வைத்து ஒவ்வொரு இணைப்பாக இழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.